முன்வரிசைப் பிள்ளைகள்

முந்தல் களப்புக்கும் பெருங்கடலுக்கும் இடையே நாடா விரித்தாற்போல நீண்டு கிடக்கும் மணற்றிடரிலே உடப்பு முதலிய மீனவர் ஊர்கள் அமைந்துள்ளன. கரைவலைப் பருவத்தில் அங்கு விடியற்காலையிற் சென்று நிற்போர் ஓர் ஒழுங்கைக் காணலாம். வலையின் இரு கைகளிலும் கட்டிய நெடுங்கயிறுகளை இரு கூட்டத்தார் பற்றி, அம்பாப் பாடலின் தாளத்துக்கு அடிவைத்துப் பின்னோக்கி நடப்பர். அவர்கள் கைவலியை மட்டும் நம்பி இழுப்பதில்லை. இடுப்பைச் சாய்த்து, குதிகாலை ஊன்றி, உடம்பு முழுவதாலும் இழுப்பர். ஒருவன் மட்டும் தன் வலிமையைக் காட்ட விரும்பித் தாளந் தப்பினால், கயிறு அவனுக்கு இசைவதில்லை. அவன் தோளே வலி காணும். சிறுவரோ எடுத்தவுடன் கயிற்றிற் சேர்க்கப்படார். இழுத்து வந்த கயிற்றை வளையம் வளையமாகச் சுற்றி வைப்பதும், மடியிலிருந்து சிதறிய மீனைப் பொறுக்குவதும் அவர்க்கு முதற்பாடம். கால் மணலிற் பழகி, செவி பாட்டிற் பழகி, முதுகு முற்றிய பின்னரே ஒருவன் தோள் கயிற்றுக்கு உரியதாகும்.

இவ்வொழுங்கை ஈண்டு எடுத்துக் கூறியது மீன்பிடியை வருணித்தற்கன்று. நம் நாட்டுப் பாடசாலைகளில் ஆடப்பெறும் றகர் ஆட்டத்திலே முன்வரிசையில் நிறுத்தப்படும் பிள்ளைகளைப் பற்றிச் சில சொல்லுதற்கு. ‘தமிழ்ப் பண்டிதனுக்கும் றகருக்கும் என்ன உறவு?’ என அன்பர் சிலர் நகைக்கலாம். உறவு உண்டு. இக்கரையோரத்துச் சிற்றூர்களில் எழுத்தறிந்த பிள்ளைகளுட் சிலர் ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பெற்றும், உறவினர் வீட்டில் தங்கியும் பெருநகர்ப் பாடசாலைகளிற் சேர்கின்றனர். அவருள் அகன்ற தோளும் கனத்த உடம்பும் உடைய ஒருவன் இருப்பானாயின், அவனை முதலிற் காண்பவர் கணித ஆசிரியரோ தமிழாசிரியரோ அல்லர், றகர்ப் பயிற்றுநரே. அவன் எழுதிய கட்டுரையை ஒருவர் படித்து முடிக்குமுன் அவன் எடையை மற்றொருவர் நிறுத்து முடித்துவிடுகிறார். அப்பிள்ளை அதன்பின் என்ன ஆகிறான் என்பதில், அவனுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த ஊராசிரியனுக்கும் பங்கு உண்டன்றோ?

எட்டுப்பேர் கூடிய ஒரு முதுகு

றகர் அறியாத வாசகர்பொருட்டு அதன் அமைப்பைச் சுருங்கக் கூறுவோம். ஓர் அணிக்குப் பதினைவர். அவருள் எண்மர் முன்னணியினர்; எழுவர் பின்னணியினர். சிறு தவறொன்றால் ஆட்டம் நின்றவிடத்து, அதை மீளத் தொடங்குதற்கு இரு பக்கத்து முன்னணியினரும் மூவர், இருவர், மூவர் என்னும் முறையிற் பிணைந்து, தலைகுனிந்து, தோளோடு தோள் பொருந்தி நெருக்குவர். இதற்கு ஸ்கிரம் என்று பெயர். முதல் வரிசை மூவருள் நடுநிற்பவன் பந்தைக் காலாற் கொளுவிப் பின்தள்ளும் ஹூக்கர். அவனுக்கு இருபுறமும் நிற்போர் புரொப் எனப்படுவர். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு முட்டுக்கால் என்பது பொருள். சாய்கின்ற சுவருக்கும் வைக்கோற்போருக்கும் முட்டுக்கொடுக்கும் மரத்தை நாம் அறிவோம். அம்மரம் செய்யும் தொழிலையே இப்பிள்ளையின் கழுத்தும் முதுகும் செய்கின்றன.

இவ்விரு முட்டுக்கால்களின் பாரமும் ஒரு தன்மையதன்று. இடப்புறத்தானுக்கு ஒரு தோள் வெளியே இருக்கும். வலப்புறத்தான் தலையோ எதிரணியினர் இருவரிடையே அகப்பட்டு, இரு தோளிலும் சுமை ஏறும். பின்னின்று தள்ளுவோர் வலிமையும் எதிர்நின்று தள்ளுவோர் வலிமையும் அவன் உடம்பிலேதான் சந்திக்கின்றன. எண்பது கிலோ எடையுள்ள பிள்ளைகள் எண்மர் ஒரு பக்கம், எண்மர் மறுபக்கம் எனக் கொண்டால், ஆயிரத்திருநூறு கிலோவுக்கு மேற்பட்ட உடல் எடை அந்தச் சிறு இடத்தைச் சூழ்ந்து நெருக்குகிறது. இதனிடையே அவன் முதுகு வளையலாகாது, தோள் இடுப்பினுந் தாழலாகாது, கால் வழுக்கலாகாது. இத்தனையும் செய்து அவன் பெற்றுத் தருவது யாது? பின்னே நிற்கும் ஒருவன் பந்தை எடுத்தோடச் சில நொடிப்பொழுது.

ஓடியவன் பெயரை ஊர் அறியும். பந்தைக் கோட்டுக்கு அப்பால் ஊன்றியவன் படம் பத்திரிகையில் வரும். இது மனித இயல்பு, குறை கூறுதற்கில்லை. இலங்கைத் தமிழருள் றகர் என்றவுடன் பலர் நினைவுக்கு வருபவர் ரோயல் கல்லூரி மாணவராயிருந்து, விரைவோட்டத்திற் சிறந்து, இலங்கை அணிக்கு ஓரத்து ஓட்டவீரராக ஆடிய சும்மா நவரத்தினம் அவர்கள். அவர் புகழ் அவர் காலுக்கு உரியது, ஐயமில்லை. ஆயினும் அவர் கைக்குப் பந்து வருமுன் சேற்றிலே குனிந்து நெருக்கிய எண்மரின் பெயரை இன்று எத்தனைபேர் சொல்லவல்லார்?

இந்த ஆட்டம் நம் பாடசாலைகளில் நேற்று முளைத்ததன்று. கண்டியிற் கிங்ஸ்வூட் கல்லூரியை நிறுவிய லூயி எட்மண்ட் பிளேஸ் 1891ஆம் ஆண்டிலேயே அதனைத் தம் மாணவர்க்கு அறிமுகப்படுத்தினார். பாடசாலைகளுக்கிடையேயான முதற்போட்டி 1906இல் கிங்ஸ்வூட்டுக்கும் திரித்துவக் கல்லூரிக்கும் இடையே நிகழ்ந்தது. ரோயலும் திரித்துவமும் முதன்முதல் எதிர்த்தாடியது 1920இல். ரோயல் கல்லூரி அதிபராயிருந்த பிராட்பி வழங்கிய கேடயத்துக்காக இவ்விரு கல்லூரிகளும் 1945 முதல் மோதி வருகின்றன. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட இந்த மரபு மாணவர்க்குப் பல நன்மைகளைத் தந்துள்ளது. ஆனால், மரபு முதிர்ந்தவிடத்துப் போட்டியும் முதிரும். போட்டி முதிர்ந்தவிடத்து அவசரமும் உடன்வரும். அவ்வவசரத்தின் சுமை எவன் கழுத்தில் ஏறுகிறது என்பதே நம் வினா.

ஐவர் சுவர்

இவ்வினாவுக்கு விடை தேடுவார்க்கு அமெரிக்கக் கல்லூரி உதைபந்தாட்டம் நல்லதோர் ஒப்புமை. றகரிற் பிறந்து வேறு வழியிற் சென்ற ஆட்டம் அது. பந்தை எறியும் தலைவனுக்கு முன்னே ஐவர் ஒரு வரிசையாக நிற்பர். நடுவன் ஒருவன், அவனுக்கு இருபுறமும் காவலர் இருவர், ஓரங்களில் மற்றும் இருவர். எதிரணியினர் பாய்ந்து வந்து தலைவனை வீழ்த்தாமல் தடுப்பதும், பந்தோடு ஓடுபவனுக்கு வழி திறப்பதும் இவர் கடன். முன்னோக்கி எறியப்படும் பந்தை இவர்கள் பிடித்தல் பொதுவாக விதிக்கு முரண். சுருங்கக் கூறின், ஆட்டம் முழுதும் பந்தைக் காக்கவும், ஏறக்குறைய ஒருபோதும் பந்தைத் தொடாதிருக்கவும் கடமைப்பட்டவர் இவர். அவருள்ளும் நடுவன் மட்டுமே பந்தைத் தொட்டுத் தொடங்கி வைக்கிறான்; அப்பொழுதும் அவன் செய்வது பிறன் கையிற் கொடுத்தலே.

அங்கும் ஒரு காலத்தில் உடல்மோதலே அறிவு எனக் கருதப்பட்டது. 1892இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக அணியினர் ஆப்பு வடிவிற் பிணைந்து ஓடிவந்து எதிரியை மோதும் முறையைப் புகுத்தினர். அதன் கொடுமை கண்டு 1894இல் அம்முறை விலக்கப்பட்டது. அதன் பின்னரும் மாணவர் உயிரிழத்தல் ஓயாமையால், 1905இல் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தாரை வெள்ளை மாளிகைக்கு அழைத்து ஆட்டத்தைத் திருத்துமாறு கூற நேர்ந்தது. 1906இல் விதிகள் மாறின. பந்தை முன்னோக்கி எறிதற்கு இடம் அளிக்கப்பட்டது. மோதலைக் குறைத்து அறிவை வளர்க்கும் பாதை அன்று திறந்தது.

அக்கல்லூரிகள் கண்ட மற்றொரு முறையே நாம் சிறப்பாக நோக்கத்தக்கது. 1972க்கு முன், முதலாண்டு மாணவன் கல்லூரியின் பேரணியில் ஆட விதி இடந்தரவில்லை. அவ்விதி நீங்கிய பின்னரும், தகுதியான ஆட்ட ஆண்டுகள் நான்கும் குறையாமல், ஓராண்டைப் பயிற்சிக்கென்றே ஒதுக்கி வைக்கும் வழக்கம் நிலைத்தது. 2018இல் வந்த திருத்தமொன்று, அவ்வாறு ஒதுங்கியிருக்கும் மாணவன் நான்கு ஆட்டங்கள் வரை ஆடிப்பழகவும் இடமளித்தது. இவ்வாறு காத்திருக்கும் வழக்கம் முன்வரிசையாருக்கே மிகவும் பொருந்தியதாகக் காணப்பட்டது. என்னை? ஓடுபவனுக்கு இயற்கை கொடுத்த கால் பதினெட்டிலேயே தொழில் செய்யும். தடுத்து நிற்பவனுக்கோ உடம்பு முற்றவேண்டும், அடிவைப்புப் பழகவேண்டும், எதிரி எவ்வழி வருவான் என்பதை ஒரு பார்வையில் உணரும் அறிவு வேண்டும், பக்கத்தில் நிற்பவன் மூச்சையும் அறிதல் வேண்டும். இவை காலத்தால் மட்டுமே விளைவன.

ஐவரும் ஒருவராதல் வேண்டும் என்பதை அந்நாட்டார் பரிசளிப்பிலும் காட்டியுள்ளனர். பிற்ஸ்பேர்க், நோட்டர் டாம் முதலிய பல்கலைக்கழகங்களில் முன்வரிசையாரைப் பயிற்றிய ஜோ மூர் என்பவர் பெயரால் 2015இல் ஒரு பரிசு ஏற்படுத்தப்பட்டது. நாட்டிலே சிறந்த முன்வரிசைக்கு உரியது அது. தனியொரு வீரனுக்கு அது கொடுக்கப்படுவதில்லை. வரிசை முழுவதற்குமே கொடுக்கப்படுகிறது. முதலாண்டில் அலபாமா பல்கலைக்கழகத்து வரிசை அதனைப் பெற்றது. ஐந்து விரலுக்கும் சேர்த்து ஒரு கணையாழி செய்தாற்போன்ற இப்பரிசின் கருத்து மிக நுட்பமானது. ஒருவன் தவறினால் நால்வர் திறமையும் பயனற்றுப் போகும் தொழிலில், ஒருவனை மட்டும் பிரித்துப் புகழ்தல் தொழிலின் இயல்பையே அறியாமையாகும்.

எடையா, அறிவா?

நம் முன்னோர் படைவகுப்பை அறியாதவர் அல்லர். முன்செல்லும் படையைத் தூசி என்றும் தார் என்றும், பின்வரும் படையைக் கூழை என்றும் வகுத்தனர். படைமாட்சி என்னும் அதிகாரத்திலே வள்ளுவர், பகைவரது முன்னணியை எதிரேற்று நிற்கும் படைக்கு இலக்கணம் கூறுமிடத்து, உடற்பருமனைக் கூறினாரில்லை; வந்த போரைப் பொறுக்கும் வகையை அறிந்திருத்தலையே கூறினார். அறிந்து என்பதே அங்கு உயிர்ச்சொல். நெருக்கடியில் அஞ்சாது நிற்றல் தொன்றுதொட்டு ஒன்றாய் நின்ற படைக்கன்றிப் பிறர்க்கு அரிது எனவும் அவ்வதிகாரமே கூறும். நேற்றுச் சேர்த்த கூட்டம் எத்துணை பருத்ததாயினும் தொல்படை ஆகாது.

இதனை இன்றைய உடற்கூற்று ஆய்வும் வேறு மொழியில் ஒப்புக்கொள்கிறது. முன்னர் ஸ்கிரம் அமைக்குங்கால் இரு அணியினரும் இடைவெளி விட்டு நின்று பாய்ந்து மோதினர். 2013இல் உலக றகர் நிர்வாகத்தார் அம்முறையை மாற்றினர். ‘குனி, பற்று, சேர்’ என நடுவர் மூன்று கட்டளை இடுவார். எதிரணியானின் சட்டையை முதலிற் பற்றிய பின்னரே புரொப் என்பான் அவனோடு சேர்தல் வேண்டும். இவ்வொரு மாற்றத்தால் மோதல் விசை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது என இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தார் அளந்து கண்டனர். பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஸ்கிரம்மை ஒன்றரை மீற்றருக்கு மேல் தள்ளலாகாது என்பதும் விதி. தக்க பயிற்சி பெற்ற முன்வரிசையார் இல்லாதவிடத்து ஒருவரையொருவர் நெருக்காமலே ஸ்கிரம் நடத்துதல் வேண்டும் என்பதும் விதி. வளருகின்ற முள்ளந்தண்டுக்கு விதியே வேலி கட்டியுள்ளது என்க.

விதியினும் வலியது பயிற்றுநர் கல்வி. நியூசிலாந்து நாட்டார் 2001 முதல் றகர்ப் பயிற்றுநர் அனைவரும் ஆண்டுதோறும் பாதுகாப்புப் பாடம் கற்றல் கட்டாயம் என ஆக்கினர். முந்தைய ஆண்டுகளின் போக்கை வைத்துக் கணித்தால், 2001 முதல் 2005 வரையுள்ள காலத்தில் அந்நாட்டில் ஸ்கிரம்மால் முள்ளந்தண்டுக் கொடுங்காயம் ஏறத்தாழ ஒன்பது நிகழ்ந்திருத்தல் வேண்டும். நிகழ்ந்தது ஒன்றே. அந்நாட்டார் றகரை விட்டுவிடவில்லை, மாணவரை மெலிவிக்கவுமில்லை. கற்பிப்பவருக்குக் கற்பித்தனர், அவ்வளவே. அந்நாட்டில் இளஞ்சிறார்க்கு வயதோடு எடையையும் நோக்கி வகுப்புப் பிரிக்கும் வழக்கமும் உண்டு. பதினான்கு வயதிலே ஒருவன் மீசை அரும்பிய இளைஞனாகவும் மற்றொருவன் குழந்தை முகத்தனாகவும் இருத்தல் ஆசிரியர் யாவரும் வகுப்பறையிற் காணும் காட்சி. மைதானத்தில் மட்டும் அதனை மறத்தல் எற்றுக்கு?

முறையான பயிற்சிக்கு ஒரு படிமுறை உண்டு. முதலில் உடம்பை நிறுத்தும் வகை: அடி தோளகலம், முழங்கால் மடிவு, நேரான முதுகு, நிமிர்ந்த பார்வை. அடுத்துக் கழுத்து: நண்பன் உள்ளங்கையை நெற்றியிலும் பிடரியிலும் வைத்து மெல்ல அழுத்த, தலை அசையாமல் தாங்கிப் பழகுதல். பின்னர் ஒருவனுக்கொருவன்; அதன்பின் மூவருக்கு மூவர்; அதன்பின் ஐவருக்கு ஐவர்; இறுதியிலேயே எண்மர். எழுத்து, சொல், சொற்றொடர், செய்யுள் என நாம் இலக்கணம் கற்பிக்கும் முறையும் இதுவேயன்றோ? எழுத்தறியாதவனை யாப்புக்கு முன் நிறுத்தும் ஆசிரியனை உலகம் நகைக்கும். ஒருவனோடொருவன் நெருக்கப் பழகாதவனை எண்மர் முன் நிறுத்துபவனை உலகம் ‘துணிந்த பயிற்றுநன்’ என்கிறது.

நம் சடுகுடுவிலும் இவ்வுண்மை உண்டு. பாடிவருபவனைப் பிடிக்க, கைகோத்த இருவர் ஒரே கணத்தில் அடிவைத்தல் வேண்டும். கையைக் கோத்தவன் மனத்தைக் கோக்கவில்லையேல் பிடி நழுவும். வரிசை என்பது பலர் அருகருகே நிற்றலன்று. பலர் ஒரு கருத்தாதல்.

ஒரு தந்தையின் வினா

இவற்றை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. எம் கரையோரத்து மாணவன் ஒருவன். கரைவலைத் தொழிலாளி மகன். சொற்சுவை அறிந்து படிப்பவன், உயர்ந்து பருத்தவன். தொலைவிலுள்ள பாடசாலை ஒன்றிற் சேர்ந்தான். சேர்ந்த சில மாதங்களில், அதற்குமுன் றகர்ப் பந்தைக் கையாலும் தொட்டறியாத அவன், வலப்புறத்து முட்டுக்காலாக நிறுத்தப்பட்டான். நிறுத்தியமைக்குக் காரணம் அவன் எடை ஒன்றே. மூன்றாம் ஆட்டத்தில் ஸ்கிரம் குலைந்து வீழ்ந்தது. கழுத்துப்பட்டை அணிந்து அவன் வீடு திரும்பியபோது வலக்கை விரல்களில் உணர்வு குன்றியிருந்தது. நல்லூழால் அது மெல்லத் திரும்பிற்று. ஒரு தவணைக் கல்வி திரும்பவில்லை.

அவனைக் காணச் சென்ற என்னிடம் அவன் தந்தையார் சினந்து ஒன்றும் கூறவில்லை. “ஐயா, கயிறு பிடிக்கத் தெரியாத பொடியனை நாங்க தண்ணிக்கரையில விடமாட்டோம். படிச்ச ஆக்கள் எப்படி விட்டாங்க?” என்று மட்டும் வினவினார். இவ்வினாவுக்கு விடை கூறும் கடமை அப்பாடசாலை ஒன்றுக்கு மட்டும் உரியதன்று. பிள்ளைகளைப் பிறரிடம் ஒப்படைத்து அனுப்பும் நம் அனைவர்க்கும் உரியது.

மறுத்துரைப்பார் கூற்றையும் கேட்டல் முறை. ‘எதிரணி பருத்த பிள்ளைகளை நிறுத்துகிறது, நாம் ஈராண்டு காத்திருந்தால் கேடயம் கைமாறிவிடும், பழைய மாணவர் சும்மா இரார்’ என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. காத்திருப்பவன் சில ஆட்டங்களில் தோற்கத்தான் வேண்டும். ஆனால் அவசரப்படுபவன் வென்றே தீர்வான் என்பதும் இல்லை. பயிற்சியற்ற முன்வரிசை பருத்திருந்தாலும் குலையும். ஸ்கிரம்மை வேண்டுமென்றோ தகாத முறையிலோ குலைப்பது குற்றம். குற்றம் எதிரிக்குத் தண்டனை உதையைத் தரும். ஆகவே வெற்றியை மட்டுமே அளவாகக் கொண்டாலும் அவசரம் நட்டமே. பிள்ளையை அளவாகக் கொண்டாலோ கணக்கே வேண்டுவதில்லை.

மற்றொரு குறுக்குவழியையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். உடம்பு விளையுமுன் எடை விளையவேண்டும் என்னும் ஆசையால் டப்பாக்களில் வரும் தூளையும், பெயர் தெரியாத மாத்திரையையும் மாணவர் நாடுகின்றனர். விளையாட்டில் ஊக்கமருந்தைத் தடுக்கும் சட்டம் நம் நாட்டில் 2013இல் நிறைவேறியது; பாடசாலை வீரரும் பரிசோதனைக்கு உட்பட்டவரே. சட்டம் ஒருபுறம் இருக்க, பதினாறு வயதுப் பிள்ளைக்கு வேண்டுவது சோறும் மீனும் பருப்பும் முட்டையும் கீரையும், இரவிலே நிறைந்த உறக்கமுமே. களப்பு மீனை உண்டு வளர்ந்த பிள்ளைக்குக் கடற்கரைக்கு அப்பால் விற்கும் தூள் எதற்கு?

இத்துணையும் கூறியதனால் யான் றகரை வெறுப்பவன் எனக் கொள்ளற்க. பருத்த பிள்ளையை வகுப்பிலே பட்டப்பெயரிட்டு நகைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஓட்டத்திற் பிந்துவான், உயரம் தாண்டுதலில் தவறுவான், விளையாட்டுப் போட்டி நாளில் நிழலிலே ஒதுங்கி நிற்பான். அவனுக்கு ‘நீ இல்லாமல் நாங்கள் ஏழு பேரும் நிற்க முடியாது’ என்று கூறும் ஆட்டம் றகர் ஒன்றே போலும். நகைக்கப்பட்ட உடம்பு நம்பப்படும் உடம்பாக மாறுதல் ஒரு பிள்ளையின் வாழ்வில் சிறிய செய்தியன்று. அந்நம்பிக்கையைக் கொடுத்த ஆட்டமே அவன் கழுத்தைப் பறித்தலாகாது என்பதுதான் நம் வேண்டுகோள்.

ஆசிரியர் செய்யத்தக்கவை

பாடசாலை ஆசிரியர் றகர் விதி முழுதும் கற்கவேண்டியதில்லை. சில வினாக்களைக் கேட்கக் கற்றாற் போதும். முன்வரிசையில் நிற்கும் இப்பிள்ளை எத்தனை மாதம் பழகினான்? ஒருவனுக்கொருவன், மூவருக்கு மூவர் என்னும் படிகளைக் கடந்தானா? அவன் கழுத்தையும் முதுகையும் மருத்துவர் நோக்கினாரா? பயிற்றுநர் பாதுகாப்புப் பாடம் கற்றவரா? நெருக்கமுடியாது என்று பிள்ளை கூறினால், அக்கூற்று கோழைத்தனம் எனக் கொள்ளப்படுமா, அன்றி மதிக்கப்படுமா? இவ்வைந்துக்கும் நேரிய விடை கிடைக்குமாயின் அப்பிள்ளையை வாழ்த்தி அனுப்பலாம். கிடையாதாயின், ‘இவ்வாண்டு வேண்டா’ எனக் கூறும் உரிமை ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் உண்டு. அவ்வுரிமையைப் பயன்படுத்தத் தயங்குதல் பணிவன்று.

பெற்றோர் பலர் பெரிய பாடசாலையின் பெயர்க்கு அஞ்சி வாய் திறவார். மகனுக்குக் கிடைத்த இடம் போய்விடுமோ என்பது அவர் அச்சம். இவ்வச்சத்தைப் போக்க வல்லவர் ஊராசிரியரே. ஒரு கடிதம் எழுதுதல், ஒரு முறை நேரிற் சென்று வினவுதல் ஆகிய இவை பெருஞ்செயல் அல்ல. ஆயினும் பிள்ளைக்குப் பின்னால் ஒருவர் நிற்கிறார் என்பதை அப்பாடசாலை அறியும். முட்டுக்காலுக்கும் ஒரு முட்டுக்கால் வேண்டுமன்றோ?

மாணவராகிய இளைஞர்க்கும் ஒரு சொல். முந்தல் என்னும் எம் ஊர்ப்பெயர் இலக்கணத்தில் தொழிற்பெயர். முன்னே செல்லுதல் என்பது அதன் பொருள். முன்னே செல்லுதல் வேறு, விரைதல் வேறு. விரைந்தவன் பிறரை விட்டுச் செல்வான். முன்னிற்பவனோ பின்னிற்பவர் அனைவரையும் தாங்கி நிற்பான். முன்வரிசையில் உமக்கு இடம் கிடைத்தால், அதற்குரிய ஆண்டுகளைக் கொடுக்க நாணாதீர். ஓராண்டு கயிறு சுற்றியவன் என்று எவரும் இழிவாகக் கூறார். உடன் நிற்பவனின் பலக்குறைவைத் தலைவரிடம் மறைக்காதீர். அவன் வீழ்ந்தால் நீரும் வீழ்வீர். பாடநூலை மைதானத்துக்காக விற்றுவிடாதீர். தோள் வலிமை முப்பதைக் கடந்து சில ஆண்டே நிற்கும், கற்ற கல்வி அதற்கப்பாலும் உடன் நடக்கும்.

இறுதியாக ஒன்று. போரிற் பட்ட வீரனுக்குக் கல் தேடி, நீராட்டி, நாட்டி, சிறப்புச் செய்து வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியர் ஆறு துறையாக வகுத்துரைத்தார். அக்கல்லிற் பெயரும் பொறிக்கப்பட்டது. நம் பாடசாலை ஆண்டறிக்கைகளிலே புள்ளி பெற்றவன் பெயர் தவறாமல் அச்சாகிறது. அவனுக்கு வழி திறந்த எண்மர் ‘முன்னணியினரும் நன்கு ஆடினர்’ என்னும் ஒரே வாக்கியத்துள் அடங்கிவிடுகின்றனர். அறிக்கை எழுதும் பொறுப்பு பெரும்பாலும் மொழியாசிரியர் கையிலேதான் இருக்கிறது. இவ்வாண்டு அறிக்கையில் அந்த எண்மர் பெயரையும் நின்ற இடத்தோடு முறையாக எழுதுவோம். ஓராண்டு காத்திருந்து பழகிய பிள்ளை உளனாயின் அவன் பெயரையும் சேர்த்து எழுதுவோம். அதற்கு வேண்டுவது எட்டு வரியே. தாளும் மையும் நம்மிடம் உள.